ஊருணி ஹைட்ராவை வெட்டிப் பார்ப்பது எப்படி: இழப்பு மீட்டலில் செல்கள் மாறும் விதம்

நன்னீரில் வாழும் நூல் போன்ற சிறு விலங்கான ஹைட்ராவின் உடலை நடுவில் வெட்டினால், பிளேடு இறங்கிய கோட்டுக்கு மேலே இருந்த செல்லும் கீழே இருந்த செல்லும் அந்த நொடி வரை ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருந்தவை. இரண்டும் ஒரே வகை, ஒரே வயது, ஒரே வேலை. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் மேல்துண்டின் அடிவிளிம்பில் நின்றவை பாதமாகவும், கீழ்த்துண்டின் மேல்விளிம்பில் நின்றவை தலையாகவும் மாறியிருக்கும். அண்டை வீட்டுக்காரர்களாக இருந்த இரு செல்கள் எதை வைத்து இப்படி எதிரெதிர்த் திசையில் பிரிந்து போயின என்ற கேள்வியை, ஒரு கைலென்சையும் ஒரு புதிய பிளேடையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே அணுக முடியும் என்பதால்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு வேண்டிய உயிரியும் ஊரிலேயே கிடைக்கிறது.

முதலில் இரண்டு சொற்கள். இழந்த உறுப்பை உயிரி மறுபடி உருவாக்கிக்கொள்வதை நம் பாடநூல்கள் இழப்பு மீட்டல் என்கின்றன. தனக்கென்று குறிப்பிட்ட வேலை இல்லாத ஒரு செல் நரம்பாகவோ, சுரப்பியாகவோ, கொட்டும் செல்லாகவோ உருமாறி நிலைபெறுவது வேறுபாடடைதல். புதிதாக வருவோர் ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுவைப் பற்றிக் கேள்விப்பட்டதுமே எல்லா வேலையையும் அதன் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஹைட்ராவைப் பொறுத்தவரை, ஒரு செல் என்ன ஆகப்போகிறது என்பதை அது எங்கே நிற்கிறது என்பதே பெரிதும் முடிவு செய்கிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டே செய்து பாருங்கள்.

தேடுவது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் தெளிந்த பிறகு, கார்த்திகைக் கடைசி முதல் மாசி வரை ஏற்ற காலம். கோடையில் நீர் சூடேறிவிட்டால் ஹைட்ரா கண்ணில் படுவது அரிது. செம்புறாங்கல் படித்துறை கட்டிய ஊருணிகளில் அல்லி இலையின் அடிப்புறத்திலும், வேலம்பாசிக் கொத்திலும், நீரில் விழுந்து ஊறிய சுள்ளியிலும் அவை ஒட்டிக்கொண்டிருக்கும். குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது என்பது செட்டிநாட்டு ஊர்களில் எழுதாத சட்டம். ஆகவே ஊராரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தபடியே எட்டுகிற பாசியை எடுங்கள், அல்லது குளிக்கிற ஊருணிக்குப் போங்கள்.

படித்துறையில் நின்றுகொண்டே ஹைட்ராவைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம், முடியாது. இடம் பெயர்த்த அதிர்ச்சியில் அது சுருங்கிக் கடுகைவிடச் சிறிய ஒரு புள்ளியாகக் கிடக்கும். அகலவாய்க் கண்ணாடிக் குப்பியில் பாசியைப் போட்டு அதே ஊருணி நீரை நிரப்பி, நேர்வெயில் படாத சன்னலோரத்தில் ஓரிரவு அசைக்காமல் வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் வெளிச்சம் வரும் பக்கத்துக் கண்ணாடிச் சுவரில், அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை நீளமுள்ள நூல் துண்டு போல ஒன்று தொங்கி, அதன் நுனியில் ஐந்தாறு மெல்லிய உணர்நீட்சிகள் விரிந்திருந்தால் அதுவே ஹைட்ரா. குப்பிக்குப் பின்னால் கறுப்புத் துணியோ கடப்பாக் கல்லோ வைத்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தெளிவாகத் தெரியும். சில பச்சையாக இருக்கும். அவற்றின் உள்ளடுக்கான அகப்படையின் செல்களுக்குள் பச்சைப் பாசிகள் குடியிருக்கின்றன. வெளியடுக்கான புறப்படையில் பாசி இல்லாததால் இரண்டு அடுக்குகளையும் நிறத்தை வைத்தே பிரித்துப் பார்க்கலாம். பச்சை ஹைட்ரா கிடைத்தால் அதை முதல் அதிர்ஷ்டமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில்தான் பலர் தோற்கிறார்கள்

குழாய் நீரில் குளோரின் இருந்தால் ஹைட்ரா தாங்காது. முதன்முதலில் நான் வளர்த்தபோது, மழைநீரைவிடச் சுத்தமான நீர் வேறு ஏது என்று நினைத்து, அப்பத்தா வீட்டு வளவு முற்றத்தில் கூரைச் சரிவிலிருந்து விழும் நீரைப் பிடித்து வைத்திருந்த செப்புக் கிடாரத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு ஊற்றினேன். மாலையில் உணர்நீட்சிகளின் நுனி குமிழ் போலத் தடித்திருந்தது; இரவில் அவை குட்டையாகி உடம்போடு ஒடுங்கின; மறுநாள் காலையில் ஏழு ஹைட்ராக்களும் கரைந்து, குப்பியின் அடியில் வெண்மையான மசியலாகக் கிடந்தன. அப்பத்தா எட்டிப் பார்த்து, "நூலெல்லாம் கரைஞ்சு போச்சாக்கும்" என்று கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. செம்பு அயனி மிகச் சிறிய அளவில் இருந்தாலும் ஹைட்ராவுக்கு நஞ்சு. நீரில் கன உலோகம் கலந்திருக்கிறதா என்று சோதிக்கவே ஆய்வகங்களில் ஹைட்ராவைப் பயன்படுத்துவது உண்டு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. செம்பு இல்லாவிட்டாலும் வெறும் மழைநீர் உதவாது. செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கக் கால்சியம் வேண்டும், மழைநீரில் அது மிகக் குறைவு.

ஆகவே எடுத்த ஊருணியின் நீரையே மெல்லிய வேட்டித் துணியில் இருமுறை வடிகட்டிப் பயன்படுத்துங்கள். பாத்திரம் கண்ணாடியாகவோ நல்ல பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். செம்பு, பித்தளை இரண்டும் வேண்டாம். 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஹைட்ராவுக்கு இதமானது. மார்கழி இரவுகளில் அது ஓரளவு தானாகக் கிடைக்கும். மற்ற நேரங்களில் மண்சட்டியில் ஈரமணல் பரப்பி, அதன் நடுவில் கிண்ணத்தைப் பதித்து வையுங்கள்.

தீனிக்கு, மீன் தொட்டிக் கடைகளில் விற்கும் ஆர்ட்டீமியா என்னும் சிறு உப்புநீர் இறாலின் முட்டையை வாங்கி, லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்பு கரைத்த நீரில் பொரிக்க வைத்தால் ஒன்றரை நாளுக்குள் குஞ்சுகள் நீந்தும். உப்பை நல்ல நீரில் அலசிவிட்டு வாரம் இரண்டு மூன்று முறை கொடுங்கள். தின்று முடித்த சில மணி நேரத்தில் தண்ணீரை மாற்றிவிட வேண்டும். அழுகிய தீனியைப் போல ஹைட்ராவைக் கொல்வது வேறில்லை. நன்றாகத் தின்ற ஹைட்ரா இரண்டு மூன்று நாளில் பக்கவாட்டில் மொட்டு விடும். மொட்டு விடத் தொடங்கியதா என்பதே உங்கள் வளர்ப்பு சரியாக இருப்பதற்கான பரீட்சை. அது வரை பிளேடைத் தொடாதீர்கள்.

வெட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது

ஹைட்ராவின் உடல் இரண்டு அடுக்குச் செல்களால் ஆன ஒரு குழாய். வெளியே புறப்படை, உள்ளே அகப்படை, நடுவில் செல் இல்லாத மீசோகிளியா என்னும் மெல்லிய படலம். இந்தக் குழாயை மூன்று செல் வம்சங்கள் பராமரிக்கின்றன. முதலாவது, புறப்படையின் எபிதீலியல் செல்கள், அதாவது அடுக்காக நின்று உடற்சுவரை அமைக்கும் செல்கள்; இரண்டாவது, அகப்படையின் எபிதீலியல் செல்கள். இவ்விரண்டும் உடலின் நடுப்பகுதியில் நின்றபடி மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பிரிந்து தங்களைத் தாங்களே பெருக்கிக்கொள்கின்றன. மூன்றாவது வம்சம் இடைச்செல்கள்: எபிதீலியல் செல்களின் இடுக்குகளில் வாழும் சிறிய உருண்டைச் செல்கள், ஏறத்தாழ நாளுக்கு ஒருமுறை பிரிபவை. நரம்புச் செல், கொட்டும் செல், சுரப்பிச் செல், இனச்செல் ஆகியவை இவற்றிலிருந்து பிறக்கின்றன.

நடுவுடல் ஓயாமல் செல்களைப் பெருக்குவதால், திசு முழுவதும் மெல்ல மெல்ல மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நகர்ந்து போகும் ஒரு புறப்படைச் செல் உணர்நீட்சியின் அடிவாரத்தைத் தாண்டிய கணத்தில் பிரிவதை நிறுத்திவிட்டு, கொட்டும் செல்களைத் தன்னுள் அடுக்கி வைத்துக்கொள்ளும் பேட்டரிச் செல்லாக மாறுகிறது. கீழ்நோக்கிப் போன அதன் உடன்பிறப்போ பாதத்தின் எல்லையைக் கடந்ததும் பசை சுரக்கும் செல்லாகிறது. இரண்டும் கடைசியில் நுனியில் உதிர்ந்துவிடுகின்றன. வெட்டாத ஹைட்ராவிலேயே வேறுபாடடைதல் நாள் முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டால், வெட்டிய பிறகு நடப்பதில் பாதி வியப்பு தீர்ந்துவிடும். பிளேடு எல்லைக் கோட்டை இடம் மாற்றி வைக்கிறது, அவ்வளவுதான்.

வெட்டுவது

வெட்டுவதற்கு முந்தைய நாள் தீனி வேண்டாம். மொட்டில்லாத, ஒரே அளவான பத்து ஹைட்ராக்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்றை வெட்டிவிட்டு அதிலிருந்து முடிவுக்கு வருவது ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் பிழை. ஸ்லைடின் மேல் ஒரு பெரிய நீர்த்துளியில் ஹைட்ராவை விட்டு, அது நீண்டு படுக்கும் வரை ஓரிரு நிமிடம் காத்திருங்கள். இரண்டாக ஒடித்த புதிய பிளேடின் முனையை உடலின் நடுவில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள், அறுக்கக் கூடாது. மேல்துண்டுகளை ஒரு கிண்ணத்திலும் கீழ்த்துண்டுகளை இன்னொன்றிலும் போட்டு நேரத்தைக் குறித்துவிடுங்கள்.

மூன்றாவதாக ஒரு கிண்ணம் இருக்கட்டும். வேறு இரண்டு ஹைட்ராக்களின் உணர்நீட்சிகளை மட்டும், உடல் திசு ஒட்டாதபடி நுனிப்பக்கமாக வெட்டி அதில் போடுங்கள். இதை ஏன் செய்கிறோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1740இல் ஹாலந்தில், ஹேக் நகருக்கு அருகே ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஆபிரகாம் ட்ரெம்ப்ளே இதே வெட்டைத்தான் போட்டார். குளத்தில் கிடைத்த பச்சை நூல் செடியா விலங்கா என்று தெரியாமல், செடியாக இருந்தால் இரு துண்டும் பிழைக்கும் என்று எண்ணி வெட்டினார். இரண்டும் பிழைத்தன. ஆனால் அது இரை பிடித்துத் தின்றது, நடந்தது. 1744இல் அவர் இதையெல்லாம் நூலாக வெளியிட்டபோது ஐரோப்பாவே திகைத்தது. அவரிடம் இருந்த கருவிகள் இன்று நம் கல்லூரி ஆய்வகத்தில் இருப்பவற்றைவிட எளியவை.

மணிக்கணக்கில் பார்க்க வேண்டியவை

கீழே சொல்லும் நேரங்கள் 20 டிகிரியை ஒட்டியவை. நம் ஊர் அறை வெப்பத்தில் முன்பின்னாகலாம். முதல் சில மணி நேரத்தில் குழாயின் திறந்த வாய் சுருங்கி மூடிக்கொள்ளும். பச்சை ஹைட்ராவில் பச்சை அகப்படையின் மேல் நிறமற்ற புறப்படை வந்து போர்த்துவது லென்சிலேயே தெரியும். அதற்குப் பிறகு ஒரு நாள் வரை வெளியே ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். மாணவர்கள் சலித்துப்போய்க் கிண்ணத்தைக் கொட்டுவது இந்த நேரத்தில்தான். ஆனால் செல்களின் தலைவிதி மாறுவதும் இந்த அமைதியான நேரத்தில்தான். கீழ்த்துண்டின் வெட்டுமுனையில் டபிள்யூஎன்டி என்னும் சமிக்ஞைப் புரதங்களின் மரபணுக்கள், அவற்றில் குறிப்பாக மூன்றாம் எண் மரபணு, முதல் சில மணி நேரத்துக்குள் விழித்துக்கொள்கின்றன. இயல்பான ஹைட்ராவில் அந்த மரபணு தலையின் உச்சியில் மட்டுமே இயங்குகிறது என்பது 2000இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அது இயங்கும் இடமே இனித் தலை; சுற்றியுள்ள செல்கள் அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்பதைப் பொறுத்து வாயாகவோ, உணர்நீட்சியாகவோ, உடலாகவோ இருக்கின்றன.

ஒன்றரை நாளில் மேல்துண்டின் அடியில் பாதம் தயாராகியிருக்கும். பிப்பெட்டால் நீரை மெல்லப் பீய்ச்சிப் பாருங்கள். துண்டு அசையாமல் கிண்ணத்தில் ஒட்டி நின்றால் பசை சுரக்கும் செல்கள் வந்துவிட்டன என்று பொருள். கீழ்த்துண்டில் 36 முதல் 48 மணி நேரத்துக்குள் முனை கூம்பி, அதைச் சுற்றி நான்கைந்து முண்டுகள் புடைக்கும். அவை நீண்டு உணர்நீட்சிகளாகி, மூன்றாம் நாள் ஆர்ட்டீமியாவைப் பிடித்து வாயில் திணித்தால் தலை முழுமை பெற்றுவிட்டது. முதல் இரையை அது பிடிக்கும் நேரத்தையும் குறித்து வையுங்கள். உணர்நீட்சி தோன்றுவதும் அது கொட்டத் தொடங்குவதும் ஒன்றல்ல.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். செல் பிரிவை மருந்தாலோ கதிர்வீச்சாலோ தடுத்தாலும் ஹைட்ரா தலையை மீட்டுக்கொள்கிறது. நரம்புச் செல்களுக்கும் கொட்டும் செல்களுக்கும் மூலமான இடைச்செல்களை அடியோடு நீக்கிய ஹைட்ராவும், கையால் ஊட்டி உயிரோடு வைத்திருந்தால், தலையை மீட்டுக்கொள்கிறது. அந்தத் தலையில் நரம்பு இல்லை, கொட்டும் செல் இல்லை, உருவம் மட்டும் சரியாக இருக்கிறது. ஆகவே தலையின் வடிவத்தை எபிதீலியல் செல்களே தங்கள் இடத்தை உணர்ந்து அமைத்துக்கொள்கின்றன. இடைச்செல்கள் அதற்குள் குடியேறி நரம்பும் ஆயுதமும் தருகின்றன. இருக்கிற திசுவையே மறுசீரமைத்து உறுப்பைப் பெறும் இந்த முறைக்கு, அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கன் 1901இல் மார்ஃபலாக்சிஸ் என்று பெயரிட்டார்.

எத்தல் பிரவுன் என்னும் ஆய்வாளர் 1909இல் செய்த ஒட்டு இன்னும் தெளிவானது. ஒரு ஹைட்ராவின் வாய்ப்பகுதியில் ஒரு சிறு துணுக்கை எடுத்து மற்றொன்றின் நடுவுடலில் செருகியபோது, அங்கே இரண்டாவது தலை முளைத்தது. பச்சை ஹைட்ராவையும் நிறமற்றதையும் இணைத்துச் செய்ததால், புதிய தலையில் பெரும்பகுதி ஒட்டப்பட்ட துணுக்கின் செல்கள் அல்ல, ஏற்றுக்கொண்ட ஹைட்ராவின் செல்களே என்பது நிறத்திலேயே தெரிந்தது. கை நடுங்காதவர்கள் ஓராண்டுப் பழக்கத்துக்குப் பிறகு இதை முயன்று பார்க்கலாம். அதற்கு முன் வேண்டாம்.

இப்போது மூன்றாவது கிண்ணம். வெட்டிய உணர்நீட்சிகள் சில நாள் உயிரோடு நெளியும், பிறகு சிறுத்துச் சிதையும். அவற்றிலிருந்து ஒரு ஹைட்ராவும் வராது. அதே உயிரியின் திசுதான், ஆனால் அங்குள்ள புறப்படைச் செல்கள் எல்லாம் பேட்டரிச் செல்களாகி நிலைத்துவிட்டவை. பிரியவும் மாட்டா, திரும்பவும் மாட்டா. நடுவுடல் துண்டு பிழைத்ததற்கும் உணர்நீட்சித் துண்டு அழிந்ததற்கும் உள்ள இடைவெளிதான் வேறுபாடடைதல் என்னும் சொல்லின் பொருள்.

செல்களைப் பிரித்துப் பார்ப்பது

இதைக் கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் உடனிருக்கச் செய்யுங்கள். அடர் அசிட்டிக் அமிலம் தோலைச் சுட்டுவிடும். கிளிசரின் ஒரு பங்கு, அடர் அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு, நீர் 13 பங்கு என்று கலந்து, சிறு குழாயில் சில துளி எடுத்து ஒரு ஹைட்ராவை அதில் விடுங்கள். கால்மணி நேரத்துக்கு மேல் ஊறிய பிறகு குழாயை விரலால் மெல்லச் சுண்டினால், உடல் முழுவதும் தனித்தனிச் செல்களாக உதிர்ந்துவிடும். ஒரு துளியை ஸ்லைடில் வைத்து, டொலூயிடின் நீலம் ஊசிமுனை அளவு சேர்த்து, கவர்ஸ்லிப் போட்டு 400 மடங்கில் பாருங்கள்.

பெரிய, அடியில் நார் போன்ற தசைநீட்சி கொண்டவை எபிதீலியல் செல்கள். நீண்ட மெல்லிய கிளைகள் உடையவை நரம்புச் செல்கள். இவற்றைப் பார்த்ததும் நகர்ந்துவிடாமல், திராட்சைக் கொத்து போல நான்கு, எட்டு, பதினாறு என்று சேர்ந்திருக்கும் உருண்டைகளைத் தேடுங்கள். ஒரே இடைச்செல்லிலிருந்து பிறந்து, இன்னும் ஒன்றோடொன்று இணைந்தபடியே, ஒரே வேகத்தில் கொட்டும் செல்லாக மாறிக்கொண்டிருக்கும் உடன்பிறப்புகள் இவை. ஒரு கொத்தில் உள்ள எல்லாச் செல்லிலும் கொட்டும் உறை ஒரே கட்டத்தில் இருக்கும்: ஒரு கொத்தில் எல்லாம் சிறு குமிழாக, இன்னொரு கொத்தில் எல்லாம் முதிர்ந்த பேரிக்காய் வடிவில். வேறுபாடடைதல் நடந்துகொண்டிருக்கும்போதே அதைக் கண்ணால் பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. தலையை மீட்டுக்கொண்டிருக்கும் துண்டின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் தனித்தனியே இப்படிப் பிரித்து எண்ணினால், அதுவே ஒரு நல்ல இளங்கலைத் திட்டப்பணி.

ஒப்பிட்டுப் பார்க்கப் பிளனேரியா

ஹைட்ரா கைக்கு வந்த பிறகே பிளனேரியா என்னும் நீர்த் தட்டைப்புழுவுக்குப் போங்கள். தீனி அதிகமாகிப் போன மீன் தொட்டிகளில் அது தானாகப் பெருகும். கடைக்காரர்கள் அதைத் தொல்லையாகவே பார்ப்பதால் கேட்டால் சும்மா கொடுப்பார்கள். முக்கோணத் தலையும், மாறுகண் போன்ற இரண்டு கண்களும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மழைக்காலத்தில் கொல்லையில் ஊரும், சுத்தியல் தலையுள்ள நீண்ட தட்டைப்புழு நிலத்து உறவினர். அது நமக்கு வேண்டாம்.

வாரம் ஒருமுறை மிளகளவு கோழி ஈரல் போதும். ஒரு வாரம் பட்டினி போட்டு, குளிர்ந்த நீரில் நனைத்த வடிதாளின் மேல் வைத்து, தலை, உடல், வால் என்று மூன்றாக வெட்டி இருட்டில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் வெட்டுமுனையில் நிறமற்ற ஒரு வெண்முனை தோன்றும். அதன் பெயர் பிளாஸ்டீமா. ஹைட்ராவில் இப்படி ஒன்று வெளிப்படையாகத் தெரியாது. ஒரு வாரத்தை ஒட்டி அதில் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண்கள் வரும். முழு அளவு கூடிவர இரண்டு வாரமாவது பிடிக்கும்.

இங்கே வேலை செய்வது நியோபிளாஸ்ட் என்னும் குருத்தணுக்கள். வளர்ந்த பிளனேரியாவில் பிரியும் செல் இவை மட்டுமே. கதிர்வீச்சால் இவற்றைக் கொன்றுவிட்டால் புழு எதையும் மீட்க முடியாமல் சில வாரங்களில் இறந்துபோகும். அப்படிச் சாகவிருந்த புழுவுக்குள் ஒரே ஒரு நியோபிளாஸ்ட்டைச் செலுத்தியபோது, அது பெருகி எல்லாத் திசுக்களையும் மறுபடி நிரப்பிப் புழுவைக் காப்பாற்றியது என்பதை 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படியானால் குருத்தணுதான் எல்லாமா என்று கேட்டால், இல்லை. நீ நிற்பது தலைப்பக்கமா வால்பக்கமா என்று நியோபிளாஸ்ட்டுக்குச் சொல்ல வேறு செல்கள் வேண்டும். அந்த முகவரியைத் தாங்கி நிற்பவை புழுவின் தோலுக்கடியில் உள்ள தசைச் செல்கள் என்பது 2013இல் தெரிந்தது. முகவரி குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2008இல் வந்த ஆய்வுகளே சான்று: பீட்டா கேட்டனின் மரபணுவை அடக்கியபோது வால் முளைக்க வேண்டிய இடத்தில் இன்னொரு தலை முளைத்தது. ஹைட்ராவில் பார்த்த டபிள்யூஎன்டி சமிக்ஞையின் உட்கண்ணிதான் இந்தப் பீட்டா கேட்டனின். ஹைட்ராவில் அது தலையைக் குறிக்கிறது, பிளனேரியாவில் வாலைக் குறிக்கிறது. இதைப் பாடத்தில் குழப்பிக்கொள்ளாத மாணவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

வேலை முடிந்ததும் ஹைட்ராக்களை எடுத்த ஊருணியிலேயே விட்டுவிடலாம். மீன் தொட்டியிலிருந்து வந்த பிளனேரியாவை ஊருணியிலோ கண்மாயிலோ விடவே கூடாது. அது எந்த ஊர்ப் புழு என்று நமக்குத் தெரியாது. வெட்டிய துண்டை வாய்க்காலில் கொட்டினாலும் ஒவ்வொன்றும் ஒரு புழுவாகும். கிண்ணத்து நீரோடு சேர்த்துக் கொதிக்கும் வெந்நீரை ஊற்றி, ஆறிய பிறகு கொட்டுங்கள்.